வரி விலக்கு விளைச்சலுக்கா, விவசாயிக்கா?

2024-ம் ஆண்டு பட்டிப் பொங்கல் நாள். கோபிசெட்டிபாளையத்துக்கு வடக்கே உள்ள ஒரு கிராமம். கோவையில் நர்சிங் படிக்கும் மகள் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் அடிக்கக் கட்டுத்தறிக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். நான்கு மாடுகள் நிற்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் நின்றன. ஓரத்து முளைக்குச்சி வெறுமனே இருந்தது.

"அம்மா, செவலை எங்கம்மா?"

அம்மா பதில் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டார். அப்பாதான் மெதுவாகச் சொன்னார்.

"உன்ற காலேஜ் பீஸுக்கு வித்துப்போட்டோம் கண்ணு. பேங்குல வரும்னு நெனச்ச காசு முழுசா வரலை."

செவலை அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த மாடு. அம்மாவின் குரல் கேட்டால்தான் மடி சுரக்கும். அதை விற்கும் அளவுக்குப் பணம் எங்கே குறைந்தது என்ற கேள்வி, பொங்கல் முடிந்தும் மகளின் மனதை விட்டுப் போகவில்லை. மறுநாள் அப்பாவின் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தாள்.

பாஸ்புக்கில் இருந்த மூன்று எழுத்து

2023 மார்ச்சில் அந்தக் குடும்பம் ஒன்றேகால் ஏக்கர் நிலத்தை விற்றிருந்தது. கிடைத்த 25 லட்சத்தில் பழைய கடனுக்கு ஒரு லட்சம் போக, மீதி 24 லட்சத்தை வங்கியில் டெபாசிட் போட்டார்கள். வட்டி 7 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 42,000 ரூபாய் கணக்கில் ஏறும், மகளின் படிப்புச் செலவு அதிலேயே ஓடிவிடும் என்பது கணக்கு.

ஆனால், ஜூன் கடைசியில் ஏறியது 37,800 ரூபாய். செப்டம்பரில் 33,600. டிசம்பரிலும் அதே 33,600. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் டி.டி.எஸ். என்று மூன்று எழுத்து. முதல் முறை 4,200 ரூபாயும், அடுத்த இரண்டு முறை 8,400 ரூபாயும் பிடித்திருந்தார்கள். மொத்தம் 21,000 ரூபாய். ஜனவரியில் 55,000 ரூபாய் கட்டணம் கட்ட வேண்டியிருந்தபோது ஏறக்குறைய அவ்வளவுதான் குறைந்தது. செவலை 42,000 ரூபாய்க்குப் போனது. கட்டணம் கட்டியதுபோக மீதி தீவனக் கடைப் பாக்கிக்குப் போனது.

"ஏம்ப்பா, பிடிச்சிருக்காங்கனு தெரிஞ்சதும் பேங்குல கேக்கலியா?"

அவர் கேட்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. டீக்கடையில் விசாரித்தபோது, "விவசாயிக்கு வரியே கெடையாது. அவங்க தப்பாப் பிடிச்சிருப்பாங்க, தானா திரும்பி வந்துரும்" என்றார்கள். அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் அண்ணனோ வேறு மாதிரி சொன்னார். "நிலம் வித்த காசு தம்பி. பான் கார்டை நீட்டிட்டுப் போய் நின்னீன்னா, 25 லட்சத்துக்கும் வரி கட்டுன்னு சொல்லிருவாங்க. கம்முனு இரு." ஒருவர் சொன்னது அலட்சியத்தைத் தந்தது. இன்னொருவர் சொன்னது பயத்தைத் தந்தது. இரண்டுக்கும் நடுவில் அவர் கம்முனு இருந்துவிட்டார்.

கிராமத்தில் வருமான வரி பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கிறது. இரண்டுமே பாதி உண்மை. வருமான வரிச் சட்டம் விலக்குக் கொடுத்திருப்பது விவசாய வருமானத்துக்கு. விவசாயி என்ற ஆளுக்கு அல்ல. விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரத்தை நம் அரசியல் சாசனம் மாநிலங்களிடம்தான் விட்டிருக்கிறது. அதனால் மத்திய அரசின் வருமான வரி அதைத் தொடுவதில்லை. அதே விவசாயிக்கு வங்கி வட்டி வந்தால், வீட்டு வாடகை வந்தால், கடை வருமானம் வந்தால், அது மற்றவர்களுக்கு எப்படியோ அவருக்கும் அப்படித்தான்.

வங்கியில் தெரிந்த விஷயம்

மகள் கல்லூரிக்குத் திரும்பும் முன்னால் அப்பாவை வங்கிக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு ஒரே வரியில் சொன்னார். "ஐயா, உங்க பான் கார்டு செயலிழந்து கிடக்குதுங்க."

டி.டி.எஸ். என்பது தனி வரி அல்ல. வட்டி கொடுக்கும் வங்கி, அரசின் சார்பில் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் தொகை. அந்த ஆண்டு விதிப்படி, ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 40,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். 60 வயது ஆனவர்களுக்கு அந்த வரம்பு 50,000. பான் எண் கொடுக்காவிட்டாலோ, கொடுத்த எண் செயலிழந்திருந்தாலோ 20 சதவீதம். ஆதாருடன் இணைக்காத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தன. ஜூனில் 4,200 பிடித்தவர்கள் செப்டம்பரில் 8,400 பிடித்ததற்கு அதுதான் காரணம்.

அவருடைய பான் கார்டு, 2011-ல் டிராக்டர் கடனுக்காக ஓர் ஆள் மூலம் வாங்கியது. அதில் பிறந்த வருடம் ஒன்று தவறியிருந்தது. ஆதாரில் இனிஷியலோடு பெயர். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக நீண்டிருந்தது. ஒருமுறை இ-சேவை மையத்தில் இணைக்கப் பார்த்து, "விவரம் ஒத்துப்போகவில்லை" என்று வந்ததும் விட்டுவிட்டார். இனிஷியல் போட்டுப் பெயர் எழுதும் நம் ஊரில், பலருக்கு இணைப்பு நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

முதலில் பான் கார்டில் பெயரையும் பிறந்த தேதியையும் ஆதாரில் உள்ளபடி திருத்த விண்ணப்பித்தார்கள். புதிய அட்டை வந்தபிறகு, தாமதக் கட்டணம் 1,000 ரூபாயை வருமான வரித் துறையின் இணையதளத்திலேயே கட்டி, ஆதாரோடு இணைத்தார்கள். இணைத்ததும் உடனே உயிர் வந்துவிடாது, 30 நாள் வரை ஆகலாம். அவருக்கு ஏப்ரலில் சரியானது. அதற்குள் மார்ச் மாத வட்டியிலும் 8,400 போய்விட்டது. ஆக, அந்த ஆண்டு பிடித்தது 29,400 ரூபாய். (80 வயது கடந்தவர்களுக்கு இந்த இணைப்பு கட்டாயமில்லை.)

பான் சரியான அதே வாரம், அடுத்த ஆண்டுக்கு 15ஜி படிவத்தையும் வங்கியில் எழுதிக் கொடுத்தார். "என் மொத்த வருமானத்துக்கு வரி வராது, அதனால் வட்டியில் பிடிக்க வேண்டாம்" என்ற உறுதிமொழி அது. 60 வயது ஆனவர்களுக்கு 15எச். ஒவ்வொரு நிதியாண்டும் ஏப்ரலிலேயே புதிதாகக் கொடுக்க வேண்டும். இரண்டு வங்கிகளில் டெபாசிட் இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். வரி வரும் அளவுக்கு வருமானம் இருப்பவர்கள் இதைக் கொடுக்கக் கூடாது, பொய் உறுதிமொழிக்குத் தண்டனை உண்டு. பான் எண் செயலிழந்திருந்தால் இந்தப் படிவத்தைக் கொடுத்தும் பயன் இல்லை.

நிலம் விற்ற பணத்துக்கு வரி உண்டா?

அண்ணன் சொன்ன பயம் மட்டும் அவர் மனதில் அப்படியே இருந்தது. ரிட்டர்ன் போட்டால் நிலம் விற்ற 25 லட்சமும் வெளியே வருமே?

அது ஏற்கெனவே வெளியேதான் இருந்தது. பத்திரப் பதிவின்போதே பான் எண் கொடுத்திருந்தார். பெரிய தொகைக்குச் சொத்து விற்றாலும் வாங்கினாலும், டெபாசிட் போட்டாலும் அந்த விவரம் வருமான வரித் துறைக்குப் போய்விடும். ஒளித்து வைக்க அதில் எதுவும் இல்லை. ஒளிக்க வேண்டிய தேவையும் இல்லை.

கிராமப்புற விவசாய நிலத்தைச் சட்டம் மூலதனச் சொத்தாகவே கருதுவதில்லை. அதனால் அதை விற்றுவரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. எது கிராமப்புறம் என்பதற்கு அளவு உண்டு. 10,000-க்கு மேல் ஒரு லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகர எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள், ஒரு லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டருக்குள், 10 லட்சத்துக்கு மேல் என்றால் 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலம் நகர்ப்புறக் கணக்கில் சேரும். நகர எல்லைக்கு உள்ளேயே இருக்கும் நிலமும் அப்படித்தான். தூரத்தைச் சாலை வழியாக அளப்பதில்லை, நேர்கோட்டில் அளக்கிறார்கள். மக்கள்தொகைக்குக் கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்க்கிறார்கள். அவர் விற்ற நிலம் கோபி நகராட்சி எல்லையிலிருந்து 11 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அருகில் வேறு பெரிய ஊரும் இல்லை.

இன்னொரு விஷயத்திலும் அவர் தப்பித்திருந்தார். பாதிப் பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொள்ளச் சொல்லி வாங்கியவர் கேட்டபோது, மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "நோட்டை எங்க வெச்சுக் காவல் காக்கறதுங்க? பேங்குலயே போடச் சொல்லுங்" என்று சொல்லிவிட்டார். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடச் சட்டத்தில் இடம் உண்டு. விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும். அந்த அம்மாள் சட்டம் தெரிந்து சொல்லவில்லை. கள்ளர் பயத்தில் சொன்னார். ஆனாலும், குடும்பத்தைக் காப்பாற்றியது அந்த வார்த்தை.

பால் காசு எந்தக் கணக்கு?

ஜூன் மாதம் நகரத்தில் இருந்த ஓர் ஏஜென்டைப் பற்றிக் கேள்விப்பட்டு அவர் தனியாகப் போனார். அந்த ஆள் மிகவும் இனிமையாகப் பேசினார். "29,400-ம் வாங்கித் தர்றனுங்க. வர்றதுல எனக்கு அஞ்சுல ஒரு பங்கு. பால் காசை எதுக்குக் காட்டறீங்க? எல்லாத்தையும் விவசாயம்னு போட்டுறலாம். விவசாய வருமானம் ஒம்பது லட்சம்னு காட்டுனா, நாளைக்கு லோன் கேட்டாலும் பெருசாக் குடுப்பாங்க." இணையதளத்தில் பதிவு செய்ய அந்த ஆளின் மின்னஞ்சலையும் செல்போன் எண்ணையுமே போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போனில் சொன்னபோது, அவள் கேட்டது ஒரே கேள்வி. "நம்ம ரெண்டரை ஏக்கர்ல ஒம்பது லட்சம் எப்படீப்பா வந்துச்சு?"

அவரால் பதில் சொல்ல முடியவில்லை. விவசாய வருமானம் 5 லட்சத்துக்கு மேல் காட்டினால், நிலம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று ரிட்டர்னிலேயே எழுத வேண்டும். நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், ஏஜென்ட் அல்ல. ரிட்டர்னில் உள்ள உறுதிமொழி வரி செலுத்துபவருடையது. வருமானத்தைப் பொய்யாகக் காட்டி வரியைக் குறைத்தால், அந்த வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதம் வரலாம். கேள்வி கேட்டுத் துறை அனுப்பும் கடிதம்கூட, இணையதளத்தில் பதிந்திருக்கும் மின்னஞ்சலுக்குத்தான் போகும். அது ஏஜென்டின் மின்னஞ்சலாக இருந்தால் அவருக்குத் தெரியவே தெரியாது.

கடைசியில் ஈரோட்டில் ஓர் ஆடிட்டரிடம் போனார்கள். கட்டணம் 1,500 ரூபாய் என்று முன்பே சொல்லிவிட்டார். அவர் முதலில் கேட்டது வருமானத்தை அல்ல, வருமானம் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்பதை.

மஞ்சளும் நெல்லும் விவசாய வருமானம். மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, மெருகு போட்டு விற்றாலும் அது விவசாய வருமானம்தான். விளைந்த பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக விவசாயி வழக்கமாகச் செய்யும் வேலை அது. அதையே அரைத்துப் பொட்டலம் போட்டு விற்றால், அதில் ஒரு பகுதி தொழில் வருமானமாகிவிடும். நாற்றங்காலில் வளர்த்து விற்கும் நாற்றும் விவசாய வருமானம். விவசாயம் செய்ய நிலத்தைக் கொடுத்து வாங்கும் குத்தகைப் பணமும் அப்படியே. ஆனால் பால், கோழி, மீன், தேன் ஆகியவை விவசாய வருமானம் அல்ல. மாடு நம் காட்டுப் புல்லையே தின்றாலும் பால் காசு தொழில் வருமானம்தான். கிராமத்தில் மிகப் பலர் தவறாக நினைத்திருக்கும் இடம் இது.

"பாலுக்குக் கணக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று ஆடிட்டர் கேட்டார்.

மனைவி பையிலிருந்து நோட்டை எடுத்தார். சொசைட்டி அட்டை கணவர் பெயரில் இருந்தாலும், கணக்கு எழுதுவது அவர்தான். காலையும் மாலையும் ஊற்றிய லிட்டர், புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு, மாட்டு டாக்டர் செலவு, ஊசி என்று தேதி போட்டு எழுதியிருந்தார். ஆண்டு முழுக்க பாலில் வந்தது 3,60,000 ரூபாய்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. செவலை, 42,000.

"இதையும் எழுதோணுங்களா?" என்று கேட்டபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"மாட்டுப் பக்கம் வந்த பணந்தானுங்கம்மா. விட்டுப்போட்டு அப்புறம் பதில் சொல்றதைவிட, சேத்து எழுதிடறதே நல்லதுங்க" என்றார் ஆடிட்டர்.

வரவு 4,02,000. செலவு 2,92,000. நிகரம் 1,10,000 ரூபாய். வங்கி வட்டி 1,68,000. இரண்டும் சேர்த்து 2,78,000. அந்த ஆண்டு புதிய வரி முறையில் 3 லட்சம் வரை வரி இல்லை. மஞ்சளிலும் நெல்லிலும் நிகரமாக வந்த 2,40,000 ரூபாயை விலக்குள்ள வருமானம் என்ற இடத்தில் தனியாக எழுதினார்கள்.

வரி பூஜ்யம்.

பாலை மறைத்து எழுதியிருந்தாலும் அதே பூஜ்யம்தான் வந்திருக்கும். உண்மையை எழுதியதால் ஒரு ரூபாயும் கூடவில்லை. பொய் எழுதியிருந்தால் வருடக்கணக்கில் பயம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

ஆடிட்டர் இன்னொன்றும் சொன்னார். வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் அவர் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். ஓர் ஆண்டில் டி.டி.எஸ். 25,000 ரூபாயோ அதற்கு மேலோ பிடித்திருந்தால் ரிட்டர்ன் கட்டாயம். 60 வயது ஆனவர்களுக்கு இது 50,000. ஓர் ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் மின் கட்டணம் கட்டியவர்களுக்கும், சேமிப்புக் கணக்கில் 50 லட்சமோ அதற்கு மேலோ போட்டவர்களுக்கும் அப்படியே. "விவசாயிக்கு ரிட்டர்ன் வேண்டாம்" என்று நினைத்து அவர் இருந்துவிட்டிருந்தால், 29,400-ம் போயிருக்கும், சட்டத்தையும் மீறியிருப்பார்.

அண்ணன் கட்டிய 6,240 ரூபாய்

அண்ணனையும் மகள் விடவில்லை. "பெரியப்பா, உங்க குத்தகைக் காசை ரிட்டர்ன்ல எழுதறீங்களா?" என்று கேட்டாள்.

அவர் எழுதியதில்லை. தன் பங்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டு ஆண்டுக்கு 60,000 ரூபாய் வாங்குகிறார். அது விவசாய வருமானம், வரி இல்லாதது, பிறகு எதற்கு எழுத வேண்டும் என்று இருந்தார்.

அதற்கு நேரடியாக வரி இல்லைதான். ஆனால் மற்ற வருமானம் வரம்பைத் தாண்டி, விவசாய வருமானமும் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், வரி விகிதம் பார்க்க மட்டும் இரண்டையும் கூட்டிக் கணக்குப் போடுவார்கள். அண்ணனுக்குச் சம்பளத்தில் நிலையான கழிவு போக 9 லட்சம் ரூபாய் வருமானம். அதற்கு மட்டும் அந்த ஆண்டு வரி 45,000. குத்தகையைக் கூட்டினால் 9,60,000 ரூபாய்க்கு 54,000. அதிலிருந்து, வரி இல்லாத 3 லட்சத்தோடு குத்தகையைச் சேர்த்த 3,60,000 ரூபாய்க்கான வரி 3,000-ஐக் கழிக்க வேண்டும். மிச்சம் 51,000. அதாவது 6,000 கூடுதல். 4 சதவீதக் கூடுதல் வரியோடு 6,240 ரூபாய்.

அவர் போட்டுவந்த சஹஜ் என்ற ஐ.டி.ஆர்-1 படிவமும் அவருக்குப் பொருந்தாது. விவசாய வருமானம் 5,000-ஐத் தாண்டினால் ஐ.டி.ஆர்-2. தம்பிக்கு வட்டி, விவசாயத்தோடு பால் தொழிலும் இருப்பதால் ஐ.டி.ஆர்-3. படிவம் மாறினால் ரிட்டர்ன் செல்லாமல் போகலாம்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த 6,240 ரூபாயை இணையதளத்தில் இ-பே டாக்ஸ் பகுதியில் கட்டினார். யு.பி.ஐ., டெபிட் கார்டு, நெட் பேங்கிங் எதிலும் கட்டலாம். சலானை அச்செடுத்து வங்கியிலும் கட்டலாம். கட்டிய சலான் விவரத்தை ரிட்டர்னில் சேர்த்துப் பிறகுதான் சமர்ப்பிக்க வேண்டும். டி.டி.எஸ். போக இன்னும் கட்ட வேண்டிய வரி ஆண்டுக்கு 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வந்தால், கடைசிவரை காத்திருக்கக் கூடாது. அந்த ஆண்டிலேயே தவணைகளில் முன்வரி கட்ட வேண்டும்.

"கம்முனு இருன்னு உனக்குச் சொன்னேன். கம்முனு இருந்தது நானுந்தான்" என்று தம்பியிடம் சொன்னார்.

பணம் வந்த நாள்

ஜூலை மூன்றாம் வாரம் ரிட்டர்ன் போட்டார்கள். கடைசி நாள் ஜூலை 31. அதற்கு முன் வங்கி பிடித்த தொகை முழுவதும் அவர் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று 26ஏஎஸ் படிவத்தில் பார்த்தார்கள். 29,400 ரூபாயும் இருந்தது. மார்ச் காலாண்டில் பிடித்ததை வங்கிகள் கணக்குக் காட்டவே மே கடைசி ஆகும். அதனால் ஜூன் பாதிக்கு முன்னால் அவசரப்பட்டு ரிட்டர்ன் போட்டால் தொகை விட்டுப்போகலாம். வங்கியில் விசாரிக்கும்போது அதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

பணம் திரும்ப வர வேண்டிய வங்கிக் கணக்கை இணையதளத்தில் சரிபார்த்து உறுதி செய்தார்கள். ரிட்டர்னைச் சமர்ப்பித்ததோடு வேலை முடியாது. 30 நாளுக்குள் சரிபார்ப்பும் முடிக்க வேண்டும். ஆதாரில் அவருடைய செல்போன் எண் இருந்ததால், வந்த ஓ.டி.பி.யைச் சொன்னதும் முடிந்தது. பதிவில் இருந்த செல்போன் எண் அவருடையது, மின்னஞ்சல் மகளுடையது.

செப்டம்பரில் ஒருநாள் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது செல்போனில் செய்தி வந்தது. கண்ணாடி இல்லாததால், பக்கத்தில் வேலை செய்த பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். 29,400 ரூபாயும், கூடவே கொஞ்சம் வட்டியும் கணக்கில் ஏறியிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கேட்டார். "செவலையைத் திரும்ப வாங்கிப் போடலாமுங்களா?"

போய்க் கேட்டும் பார்த்தார்கள். வாங்கியவர் சத்தியமங்கலம் பக்கம். செவலை அங்கே கன்று போட்டு, நன்றாகப் பால் கறந்துகொண்டிருந்தது. கொடுக்க அவருக்கு மனமில்லை. அம்மாவின் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பணம் மகளின் கடைசி ஆண்டுக் கட்டணத்துக்குப் போனது.

அதன்பிறகு விதிகள் மாறியிருக்கின்றன. 2025 ஏப்ரல் முதல், வட்டியில் பிடிப்பதற்கான வரம்பு 50,000 ரூபாய், 60 வயது ஆனவர்களுக்கு ஒரு லட்சம். புதிய வரி முறையில் அடிப்படை வரம்பு 4 லட்சம் ஆனது. சம்பளம், வட்டி, தொழில் என்று வழக்கமான வருமானம் 12 லட்சம் வரை இருப்பவர்களுக்குத் தள்ளுபடியால் வரி வருவதில்லை. ஆனால், தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யம் ஆனாலும் 4 லட்சத்தைத் தாண்டியவர்கள் ரிட்டர்ன் போட வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால், பிரிவு எண்களும் படிவங்களும் மாறும். வங்கியில் படிவ எண் சொல்லிக் கேட்பதைவிட, "வட்டியில் வரி பிடிக்காமலிருக்கக் கொடுக்கும் உறுதிமொழி" என்று கேட்டு வாங்குவது நல்லது. கடைசித் தேதியை ஆண்டுதோறும் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாறாதது ஒன்றுதான். விலக்கு விளைச்சலுக்கு. மற்ற வருமானத்துக்குக் கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கு பெரும்பாலான சிறு விவசாயிக்குப் பணம் கட்ட அல்ல, பிடித்த பணத்தைத் திரும்ப வாங்கத்தான் உதவும்.

அந்த வீட்டுப் பால் நோட்டின் அட்டையில் இப்போது ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கிறது. பான் கார்டு நகல், டெபாசிட் ரசீது, வங்கியில் கொடுத்த படிவத்தின் நகல் எல்லாம் அதில் இருக்கின்றன. ஏப்ரல் முதல் வாரம் வந்துவிட்டால், காலைப் பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து அந்த அம்மாள்தான் முதலில் ஞாபகப்படுத்துகிறார்.

"ஏனுங்க, பேங்குக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்தர்லாமுங்களா?"